கச்சான் அடங்கட்டும் என்றேன்

ஆசை ரோசாலி,

இன்று டிஷ்ஷைத் திருப்பிவிட்டேன். படம் வந்துவிட்டது. நீ போய் இருபத்து மூன்று நாள் கழித்து. இனி யார் பார்க்க என்று கேட்காதே.

எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? பத்து நிமிடம். நட்டைத் தளர்த்தி, ஒரு விரற்கடை நகர்த்தி, மறுபடி முறுக்கினேன். அவ்வளவுதான்.

எப்போதும் நான் மாடியில், நீ டிவி முன்னால். "வந்துச்சா?" என்று நான் கத்த, "வந்துச்சு... போச்சு! யாவாரத்துல மட்டும் கை ஆடாது, இங்கன ஆடுது பாருங்க" என்று நீ கத்துவாய். தெருவே சிரிக்கும். இன்று சொல்ல ஆளில்லாததால் டிவி சத்தத்தை முழுசாக வைத்துவிட்டு ஏறினேன். சத்தம் வந்ததும் பழக்கத்தில், "போதுமாடி?" என்று கேட்டுவிட்டேன். எதிர்வீட்டுக்காரி மீன் அலசுவதை நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றே நீ கேட்டாய். "இந்த வருசம் வேளாங்கண்ணிக்கு நடக்க ஏலாது. கொடியேத்தத்தையாச்சும் டிவில பாத்துக்கிறேன். டிஷ்ஷக் கொஞ்சம் திருப்பி விடுங்க."

"கச்சான் காத்து அடங்கட்டும்டி. இன்னைக்குத் திருப்புனா நாளைக்கே காத்து திருப்பிரும்" என்றேன். வீண் வேலை பார்க்காமல்தானே, தலையில் கருவாட்டுக் கூடை சுமந்த நான் கடை வைத்தேன்? "போன்ல பாரேன்" என்றும் சொன்னேன். அந்தச் சின்னத் திரை உன் கண்ணுக்குத் தெரியாது என்று அறிந்தே சொன்னேன்.

கொடியேற்றத்தன்று கடையிலிருந்து வந்தபோது, 'சிக்னல் இல்லை' என்ற திரைக்கு முன்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாய். திட்டவில்லை. "இந்நேரம் ஏத்திருப்பாக" என்றாய், அவ்வளவுதான். நாலாம் நாள் போய்விட்டாய்.

காற்று இன்னும் அடங்கவில்லை, ரோசாலி. தெருவில் எல்லோரும் அதே காற்றில் திருப்பி, கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மறுநாளே திரும்பியிருந்தால்தான் என்ன? உனக்கு அந்த ஒரு நாள் போதாதா?

அடக்கத்தன்று உன் அக்கா கேட்டாள்: "கொடியேத்தத்தப் பாத்தாளா தம்பி?"

"பாத்தா மதினி. கைகூப்பிப் பாத்தா."

பொய். அன்றிலிருந்து அவள் தங்கச்சிமடம் கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம், "எந்தங்கச்சி மாதா கொடியப் பாத்துட்டுத்தான் கண்ண மூடுனா" என்று சொல்லி ஆறுதல்படுகிறாள். அந்த ஆறுதலைப் பிடுங்கலாமா? தெரியவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் உடனே கொடுத்துவிடுவாய். உன் அக்கா அப்படி இல்லை. அதனால் அவளிடம்தான் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அவள் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நிற்க வைத்தே ஏசினாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
பாம்பன் சூசை