தண்ணீர்த் தொட்டிக்கு அப்பாவின் பெயரை வைத்த கதை

சான்டா லிப்ராடா, பராகுவே
மார்ச் 9, 1956

அன்பு மகள் எர்மெலிந்தாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. என் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமாக இருக்கக் காக்குப்பே மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. மரவள்ளி இந்த வருஷம் பரவாயில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டை அப்பாவுக்கு அளவாக இருக்கிறது, இந்த வெயிலில் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள் என்றால் என்னை முறைக்கிறார். பெரிய சேதி, நம் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. பட்டாளத்தை விட்டு வந்ததிலிருந்து ஒரு காசு சம்பளமில்லாமல் அசுன்சியோனில் ஒவ்வொரு அலுவலக வாசலாக உங்கப்பா நின்று வாங்கின குழாய். தொட்டிக்கு அவர் பெயரையே வைப்பதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. வேறு ஆளாக இருந்தால் மாட்டை அறுத்து ஊருக்கே விருந்து போட்டிருப்பான். இந்த மனுஷனோ, கொத்தனார் இலாரியோன் பெயரையும் சேர்த்து எழுதினால்தான் சம்மதம் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். இலாரியோனைத்தான் உனக்குத் தெரியுமே, போர்க்கைதியாக வந்து நம் தெருவுக்குக் கல் பாவிவிட்டு, நம் ஊர் செஃபெரினாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட பொலிவியாக்காரன். கூட்டத்தில் லிபோரியா எழுந்து, என் பிள்ளைகளைச் சுட்டவன் பெயர் எழுதின தண்ணீரை நான் எப்படிக் குடிப்பேன் என்று கேட்டாள். பொலிவியாவோடு நடந்த சாக்கோ போரில் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவள் அவள்.

அப்பா ஏன் அடம்பிடித்தார் என்பது உனக்குத் தெரியாது. அந்தப் போரில் பொலிவியாப் படை பின்வாங்கும்போது, அங்கே இருந்த ஒரே கிணற்றுக்குள் வெடி வைத்துவிட்டுப் போனதும், தாகத்தில் நம் பட்டாளம் நாக்குத் தள்ளிக் கிடந்ததும், பொறியாளர் படை லெப்டினன்டாக இருந்த அப்பா உள்ளே இறங்கி வெடியை எடுத்துப் பதக்கம் வாங்கினதும்தானே பள்ளிக்கூடத்தில் உனக்குச் சொன்னது. அதில் பொய் இல்லை, ஆனால் பாதிதான். எல்லோரையும் தூரமாகப் போகச் சொல்லிவிட்டு, கயிறு பிடிக்க ஒரு கைதியை மட்டும் அப்பா வைத்துக்கொண்டார். வெடியில் கை வைக்கப் போகும்போது அந்தக் கைதி மேலேயிருந்து குனிந்து, அதைத் தொடாதே, அதோடு இன்னொரு வெடி கோத்திருக்கிறது, அடியில் ஓடும் கம்பியை முதலில் அறு என்றான். அவன்தான் இலாரியோன், வெடி வைத்தவனும் அவனே. வெளியே சொல்லாதே என்று அன்றைக்கே அவன் கெஞ்சியதால் அப்பா என்னைத் தவிர யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீ பிறந்தது அதற்கப்புறம்தான், நினைத்துப் பார். இனியாவது ஊரறியச் சொல்லிவிடலாம், நீ சம்மதம் கொடு என்று கேட்க அவன் வீட்டுக்குப் போனோம், நான் சிப்பா ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டேன். அவன் ரொட்டியைத் தொடவில்லை. "லெப்டினன்ட் ஐயா, வேணாம். எங்க ஊர்ல அம்மா இன்னும் உசுரோட இருக்கா, துரோகியப் பெத்தவன்னு அவ மூஞ்சில துப்புவாங்க. என் தம்பி அந்த சாக்கோ மண்ணுலதான் கிடக்கான். அந்தத் தண்ணியக் குடிச்சுட்டு உங்க ஆளுங்க போய் யாரச் சுட்டாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றான். அப்பா தலை குனிந்துகொண்டார், நீ எனக்கு உயிர்ப்பிச்சை போட்டவன் என்று மட்டும் முனகினார். அதற்கு அவன் சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "உங்களுக்காகச் சொல்லலீங்க, எனக்காகவும் இல்ல. அந்தக் கிணறு நான் வெட்டினது. கூட வெட்டினவங்களப் பொதச்சுட்டு வெட்டினது. வெடி வைக்கச் சொன்னாங்க, வெச்சேன். அது வெடிக்கிறதப் பாக்க மனசு வரல." இத்தனை வருஷமாகத் தன் மேல்தான் இரக்கப்பட்டான் என்று இருந்த மனுஷன், பாவம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அசுன்சியோனிலிருந்து வந்த அதிகாரி, தன்னந்தனியாகக் கிணற்றில் இறங்கிய மாவீரன் என்று அளந்துகொண்டே போனார். அப்புறம் அப்பா மேடை ஏறினார். எதையாவது உளறி இலாரியோனைக் காட்டிக்கொடுத்துவிடப் போகிறாரே என்று நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பேசினது இவ்வளவுதான்: "அந்தக் கிணத்த வெட்டினது நாம இல்ல, பொலிவியாக்காரங்க. நல்ல கிணறு. அத அப்படி வெட்டினவன் இருந்ததாலதான் நான் இன்னைக்கு உசுரோட நிக்கிறேன்." ஒருத்தரும் கை தட்டவில்லை. அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். லிபோரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட்டத்தின் கடைசியில் இலாரியோன் தொப்பியைக் கழற்றினான். மண்டையைப் பிளக்கிற வெயிலில், எல்லோரும் கலைந்து போகிறவரைக்கும் அதை அவன் திரும்பப் போட்டுக்கொள்ளவே இல்லை. பலகையில் அப்பா பெயர் மட்டும்தான் இருக்கிறது.

மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் வயிற்றில் சீக்கிரம் ஒரு பிள்ளை வரட்டும். உன் தையல் கடையில் பொலிவியாப் பெண்கள் வேலை செய்வதாக எழுதியிருந்தாயே, அவர்களிடம் வாய் தவறிக்கூட இலாரியோன் பெயரைச் சொல்லிவிடாதே மகளே, சேதி பொலிவியாவுக்குப் போய்விடும், அங்கே அவன் அம்மா இன்னும் இருக்கிறாள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா பசிலியா