தைஸ்தோவின் கணினியில் இருந்த குரல்

ஜனவரி 12, திங்கள்

காலையில் மைனஸ் இருபத்தொரு டிகிரி. அலுவலக வாசல் பூட்டில் சாவி திரும்பவே மறுத்தது.

உத்தரவு வந்துவிட்டது. போன மாதம் பக்கத்து ஊர் அலுவலகம் ஒன்றின் கணினிகளுக்குள் இணையத் திருடர்கள் நுழைந்தது, கணினியோடு சேர்ந்தே வந்த ஒரு மென்பொருள் வழியாகத்தானாம். தூரத்திலிருந்து உதவி செய்வதற்கென்று இருந்தது. இரண்டு வாரம் அங்கே எல்லாமே பேனாவும் காகிதமும்தான். இனி எங்கள் நீர்வழங்கல் அலுவலகத்தின் அறுபத்து நான்கு கணினிகளிலும், வேலைப் பட்டியலில் இல்லாத எதுவும் இருக்கக் கூடாது.

"எதுக்குன்னு தெரியலையா, தூக்கிடு மெர்வி. யோசிக்காத" என்றார் காத்ரி. பாதுகாப்புக்கு அவர்தான் பொறுப்பு.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்த வேலை இது. யாரும் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் விளையாட்டுகள், கடைகள், நாம் பேசுவதை ஒட்டுக் கேட்கும் உதவியாளர் மென்பொருள். எல்லாவற்றுக்கும் வழியனுப்பு விழா.

ஜனவரி 14, புதன்

எடுப்பதற்கு முன், எதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுத்தேன். ஏறக்குறைய ஒன்றுமே ஓடவில்லை. பதினேழாம் எண் கணினியில் மட்டும் ஒரு வேடிக்கை: திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் குரல் நாள் முழுக்க ஓடுகிறது. நான்கு வருடமாக!

பதினேழு தைஸ்தோவுடையது. குழாய் உடைந்தால் ஊரே தொலைபேசியில் அவனைத்தான் அழைக்கும்; விலாசம் குறித்து ஆள் அனுப்புவது அவன். தவறுதலாக எதையோ அழுத்திவிட்டு, நிறுத்தத் தெரியாமல் விட்டிருப்பான், பாவம். தனியாகச் சிரித்துக்கொண்டேன். அதையும் நீக்கும் பட்டியலில் சேர்த்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

மூன்று மணிக்கு நீக்கும் நிரலை ஓடவிட்டேன். நாலரைக்குள் எல்லாம் சுத்தம். காத்ரி ஏலக்காய் ரொட்டி வாங்கி வந்தார்.

ஜனவரி 19, திங்கள்

தைஸ்தோ உடம்பு சரியில்லை என்று விடுப்பு. பதினோரு வருடத்தில் அவன் விடுப்பு எடுத்து நான் பார்த்ததில்லை.

ஜனவரி 21, புதன்

வந்தான். காபி நேரத்தில் வழக்கமாக, அழைத்தவர்களைப் போலவே பேசிக்காட்டி எங்களைச் சிரிக்க வைப்பான். இன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். கேட்டதற்கு, "தூக்கம் சரியில்ல."

மதியம் அவன் மேசையைக் கடந்தபோது மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தான். "என்ன, அதுக்கு முத்தம் குடுக்கப் போறியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

ஜனவரி 22, வியாழன்

மோசமான நாள். ஏரிக்கரைத் தெரு 13-இல் குழாய் வெடித்தது. தைஸ்தோ 18 என்று எழுதி அனுப்பிவிட்டான். வேலையாட்கள் தப்பான முற்றத்தில் உறைந்த மண்ணை ஒன்றரை மணி நேரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 13-இல் இருப்பது குழந்தைகள் காப்பகம். அடித்தளம் முழுக்கத் தண்ணீர். சின்னச் சின்னப் பனிச்சறுக்குக் கட்டைகளும் கம்பளி உடைகளும் மிதந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நல்லவேளை.

"என் தப்புதான்" என்றான். வியாழன்தோறும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பட்டாணி சூப்புக்குக்கூட அவன் வரவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

மனசு கேட்கவில்லை. பழைய கணக்கை மறுபடி திறந்தேன்.

அந்தக் குரல் தினமும் பதினோரு மணிக்கு நிற்கிறது. பதினொன்றரைக்கு மறுபடி தொடங்குகிறது. சாப்பாட்டு நேரம். தெரியாமல் ஓடவிட்ட ஒன்று சாப்பாட்டுக்கு நிற்குமா?

ஒரு காதில் தொலைபேசி. இன்னொரு காதில் எப்போதும் அந்தச் சின்னக் கருப்பு ஒலிப்பான். பாட்டு கேட்கிறான் என்றல்லவா நினைத்தேன்.

அடிப்பாவி மெர்வி, முத்தம் குடுக்கப் போறியான்னு கேட்டியே!

ஜனவரி 24, சனி

அவன் வீட்டுக்குப் போனேன். மணவிலக்குக்குப் பிறகு தனியாகத்தான் இருக்கிறான். மகள் ஓவ்லு நகரில் படிக்கிறாள்.

காபி ஊற்றும்போது கோப்பையின் விளிம்புக்குள் ஒரு விரலை நுழைத்து அளவு பார்த்தான். நான் பார்ப்பதை உணர்ந்தான் போல. மறைக்கவில்லை.

"எத்தனை நாளா, தைஸ்தோ?"

"ஏழு வருஷம். முதல்ல ஓரமெல்லாம் போச்சு. காகிதத்தச் சுருட்டி அதுக்குள்ளால பாக்கற மாதிரி. இப்ப அதுக்குள்ளயும் மூடுபனி."

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா என்ன நடக்கும்னு தெரியும்ல. ரொம்ப அன்பாப் பேசுவாங்க. அன்பாப் பேசியே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஃபோன்ல பதறிட்டு இருக்கறவங்களுக்கு என் கண்ணு எதுக்கு, மெர்வி? பதறாம கேக்க ஒரு ஆள் போதும். அது என்னால முடியும்."

"அந்தக் குரலை எடுத்தது நான்தான்."

"தெரியும். பதினாறாம் தேதி, மூணு மணிக்கு மேல. அந்தக் குரல்காரி பாதி வாக்கியத்துல நின்னுட்டா."

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கண்ணு தெரியாதுன்னு நெனச்சு அழுதுட்டு இருக்காத" என்றான். "மூக்கு உறிஞ்சறது நல்லாவே கேக்குது."

ஜனவரி 25, ஞாயிறு

ஒரே ஒரு கணினியில் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடலாம். அடுத்த சோதனை வரை யாருக்கும் தெரியாது. செய்யலாமா?

ஜனவரி 26, திங்கள்

மாடிப்படியில் அவனிடம் மெதுவாகச் சொன்னேன்.

"வேண்டாம். ஒளிச்சு ஒளிச்சு நான் களைச்சுட்டேன். நீயும் ஆரம்பிக்காத." பிறகு, "ஆபத்து இல்லாம அதை வைக்க முடியுமா? அதைப் பாரு. மத்ததை நான் பேசிக்கறேன்."

ஜனவரி 28, புதன்

மூன்று நாளாக ஒரு பழைய கணினியை வைத்து மல்லுக்கட்டுகிறேன். ஆபத்து இருப்பது குரலில் இல்லை. கடவுச்சொல் கேட்கும் திரையிலேயே, உள்ளே நுழையும் முன்பே, அதை இயக்க முடிவதுதான் ஆபத்து. குரலை இயக்கும் கோப்பின் இடத்தில் கெட்டவன் ஒருவன் வேறொன்றை வைத்துவிட்டால், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வந்துவிடலாம். அந்த ஒரு வழியை மட்டும் அடைத்தால் போதும். ஆனால் அடைத்தால் தைஸ்தோ குரல் இல்லாமலே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும்.

கேட்டேன். "அது விரலுக்குத் தெரியும்" என்றான்.

ஜனவரி 29, வியாழன்

கூட்டம். நான் வாயைத் திறக்கும் முன் அவன் எழுந்துவிட்டான். மேசை விளிம்பைப் பிடித்தபடி சொன்னான்:

"எனக்குக் கண்ணு போயிட்டு இருக்கு. நாலு வருஷமா கணினிதான் எனக்குப் படிச்சுக் காட்டிச்சு. அந்த நாலு வருஷத்துல ஒரு விலாசமும் தப்பல. போன வாரம் தப்பிடுச்சு. காப்பகத்துப் பிள்ளைங்ககிட்ட நானே போய் மன்னிப்பு கேட்டுட்டேன்."

நான் செய்து வைத்ததைத் திரையில் காட்டினேன். காத்ரி கேள்விமேல் கேள்வி கேட்டார். உள்ளே நுழைய ஆறு விதமாக அவரே முயன்று பார்த்தார். முடியவில்லை. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பட்டியல் போட்டப்ப நாம யாரையும் கேக்கவே இல்லல்ல?"

"இல்லங்க" என்றேன்.

கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி 30, வெள்ளி

குரலைத் திரும்ப வைத்தேன். ஒலிப்பானை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டான். "என்ன சொல்றா?" என்றேன்.

"உன் மின்னஞ்சல் எட்டு வந்திருக்காம். எல்லாம் கடவுச்சொல்லை மாத்தச் சொல்லி."

பிப்ரவரி 11, புதன்

கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வெய்க்கோ என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். ஐம்பது வயது, கரடி மாதிரி ஆள். எழுத்தெல்லாம் சின்ன வயதிலிருந்தே அவருக்கு இடம் மாறி மாறித் தெரியுமாம்.

"அந்தக் குரல்... குருடா இருந்தாத்தான் குடுப்பீங்களா?"

பிப்ரவரி 20, வெள்ளி

இன்னும் இரண்டு பேர். இருவரும் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்கள்.

ஏப்ரல் 18, சனி

ஏரியில் பனி உடைந்துவிட்டது. தைஸ்தோவோடு கரையைச் சுற்றி நடந்தேன். புது வெள்ளைக் கோல். வழுக்கும் இடத்தில் பதறி அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காத! நான் என்ன தள்ளுவண்டியா? நீ என்னைப் பிடிக்கக் கூடாது, நான்தான் உன்னைப் பிடிச்சுக்கணும். அரை அடி முன்னால நட."

முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டான். லேசான பிடி. மரப்பாலம் வந்தது. அங்கே பிடி தேவையே இல்லை, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி இருந்தது. அவன் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

என் சமையலறையில் ஒழுங்கே கிடையாது. மேல் அலமாரிகளைத் திறந்தபடியே விடுவேன், நாற்காலியை எங்கேயோ இழுத்துப் போடுவேன். கேட்க ஆளில்லாமல் வாழ்ந்த பழக்கம். இப்போது மூடுகிறேன், உள்ளே தள்ளுகிறேன். இந்த வாரம் முழுக்க தைஸ்தோ இங்கே எதிலும் இடித்துக்கொள்ளவில்லை.