கத்தச் சொல்லும் கொட்டகை

அம்பரீனின் அம்மாவுக்கு, ஸலாம்.

ஆம்பூரில் இரண்டு கராத்தே பள்ளிகளைப் பார்த்துவிட்டேன். முதல் இடத்தில் வாசலிலேயே கோப்பைகள் மின்னின. தோல் வாங்குகிறவன் மேல்பக்கத்தை நம்புவானா, புரட்டித்தானே பார்ப்பான்? பின்ஜன்னலில் நின்று பார்த்தேன். விழுந்த பிள்ளையைப் பார்த்து மாஸ்டரே சிரித்தார்.

இரண்டாவது ஒரு தகரக் கொட்டகை. மாஸ்டர் தேவகி என்ற பெண். "மொத நாள் அடி இல்ல பாய், வாயத் தொறந்து கத்தத்தான் சொல்வேன்," என்றார். பிள்ளைகள் கத்தியது பஜார் வரை கேட்டது. அங்கேயே அம்பரீன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அன்று பஸ்ஸில் அந்த ஆள் அவளிடம் நடந்துகொண்டதை எழுத மாட்டேன். கத்த அவளுக்குக் குரல் வரவில்லை, அவ்வளவுதான். அதற்காகப் படிப்பை நிறுத்திக் குடியாத்தத்தில் உன் அண்ணன் வீட்டில் பூட்டி வைப்பதா? ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து, அதே பஸ்ஸில் அவளை ஆம்பூருக்குக் கூட்டி வருவேன்.

"பொம்பளப் புள்ள கத்துனா நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?" என்று உன் அண்ணன் கேட்பார். அந்த நாலு பேருக்குக் கேட்கத்தான் கத்தப் போகிறாள் என்று சொல்.

உன் வீட்டுக்காரன்