சுவிச்சடியில் நிற்க ஒரு ஆள்

மச்சான்,

எழுத்துக் கோணலாய் இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு இப்பதான் வலது கையால பேனை பிடிக்கிறன்.

சுருவில் றோட்டில என்ர மனுசியைக் கண்டிட்டு நீ சைக்கிளைத் திருப்பினியாம். ஏனடா?

அண்டைக்கு ஐஸ் பக்டரியில நான் மின்பெட்டிக்குள்ள கை வைச்சிருந்தது தெரியாமல்தான் நீ மெயின் சுவிச்சைப் போட்டாய். நெருப்பு வெடிச்சு என்ர வலது கை எரிஞ்சுது. ஆனால் ஒருத்தருக்கும் சொல்லாமல், சுவிச்சடியில ஒருத்தரையும் நிப்பாட்டாமல் பெட்டியைத் திறந்தது நான்தானே. அதை முதலாளியிட்டையும் சொல்லிப்போட்டன். இப்ப சுவிச்சுக்குப் பூட்டு வந்திட்டுது. வேலை செய்யிறவன்தான் திறப்பை வைச்சிருக்கவேணும்.

திங்கட்கிழமை நான் திரும்பவும் அந்தப் பெட்டியைத் திறக்கப்போறன். சுவிச்சடியில காவலுக்கு ஆரை நிப்பாட்டிறதெண்டு முதலாளி கேட்டார்.

உன்ர பேரைத்தான் சொன்னனான். எட்டு மணிக்கு வந்திடு.

உன்ர கூட்டாளி