திருப்பிக் கொடுத்த பட்டு

இன்று காலை ஒரு பெண் விலைச்சீட்டு கழற்றாத பட்டுப்புடவையோடு என் தையல் கடைக்கு வந்தாள். மடிப்பு வைத்துக் கட்டிவிட வேண்டும், ஒரு ரீல்ஸ் எடுத்ததும் புடவை திரும்பிப் போய்விடும் என்றாள். எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் படியிறங்கும்போது, என்னைச் சோதிக்க இவளை யார் அனுப்பியிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. நீ கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகிறது. கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் இப்படித்தான் பார்க்கிறேன்.

ராஜபாளையத்தில் உன்னைத் தெரியாதவர் யார்? மில் முதலாளி மகள். மில்லைப் பூட்டிய பிறகும், எந்த வீட்டு வரவேற்பாக இருந்தாலும் நீ மேடையேறி நின்றால்தான் அது பெரிய கல்யாணம். பிறகு போனில் வீடியோ போட ஆரம்பித்தாய். ஐஸ்கிரீம் கடையோ நகைக்கடையோ, ரிப்பன் வெட்ட நீதான் வேண்டும் என்றார்கள். உன் ஜாக்கெட் எல்லாம் என் தையல். புடவை கட்டிவிடுவதும் போனைப் பிடிப்பதும் நான். சஞ்சீவி மலை பின்னால் தெரியும்படி உன்னை மொட்டை மாடியில் நிறுத்துவேன்.

"ஏட்டி, மலை தெரியுதா, நான் தெரியுறேனா?" என்பாய்.

இரண்டும் தெரிகிறது என்றால், "மலையக் கொஞ்சம் கொறைட்டி" என்று சிரிப்பாய்.

புடவைகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையிலிருந்து வரும். அரை மணி நேரம் உடுத்துவாய். நான் ஊக்குகளை எல்லாம் எடுத்து, பழைய மடிப்பு மாறாமல் மடித்துத் தருவேன். கடையில் அதைப் புதுப்புடவை என்றே விற்பார்கள். அதில் கல்யாணப் பட்டும் உண்டு என்பது எனக்கு உறுத்தும். இன்னொருத்தி உடுத்தியதை முகூர்த்தத்துக்கு யாராவது எடுப்பார்களா? கேட்டால் உன்னிடம் பதில் தயாராக இருந்தது.

"ஆண்டாள் சூடுன மாலைய சாமியே வாங்கிக்கிடுதாரு. நான் உடுத்துனா மட்டும் தீட்டாக்கும்?"

நானும் மடித்துக் கொடுத்தேன்.

மதுரையில் ஒரு விழாவுக்கு என்னையும் கூட்டிப் போனாய், நினைவிருக்கிறதா? அங்கே ஒரு அம்மாள் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். "வீட்டுல வேலை பாக்குற பொண்ணு" என்றாய். பத்து வருஷம் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் நான். திரும்பி வரும்போது காரில் நான் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நீ அதைக் கவனிக்கவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்த வாரம் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டு வந்தது. அன்று உன் அண்ணன் மனைவி, நம் மதினி, மம்சாபுரத்திலிருந்து உன்னைப் பார்க்க வந்திருந்தார். புடவையை மடிக்க ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பட்டை ஒரு மாப்பிள்ளை வீட்டார் வாங்கினார்கள். வ. புதுப்பட்டியில் நிச்சயதார்த்தம். தட்டில் வைத்த புடவையைப் பெண்ணின் அம்மா பிரித்தபோது முந்தானை மடிப்புக்குள் ஊக்கு இருந்தது. சபையிலேயே ஒருவர் போனை எடுத்து அதே பட்டில் நீ நிற்கும் வீடியோவைக் காட்டியிருக்கிறார்.

"கட்டிக் கழிச்ச சேலையவா எம் பிள்ளைக்குக் கொண்டாந்தீக?" என்று அந்த அம்மா கேட்டதை யாரோ படம் பிடித்துப் போட, ஊரே அதைப் பார்த்தது. ஒரே மாதத்தில் உன் படம் போட்ட பிளெக்ஸ் ஒன்றுகூடத் தெருவில் இல்லை. கல்யாணப் பத்திரிகைகளும் உன் வீட்டைத் தாண்டிப் போயின.

நீ எல்லோரையும் சந்தேகப்பட்டாய். கடைக்காரர், போட்டிக்கு வீடியோ போடுகிறவள், பக்கத்து வீடு, யாரையும் விடவில்லை. ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கினாய்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னைக்கு ஊக்கு எடுத்தது நீயா, மதினியா?"

"ஊக்கை நான் எடுக்கேன்னு மதினிதான் சொன்னாவ" என்றேன்.

சரி என்று ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கிளம்பினாய். நம்பினாயா, நம்புவதாகக் காட்டிக்கொண்டாயா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அதோடு நீ அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. அவர்கள் மகள் சடங்குக்கும் போகவில்லை. கடைசியாக மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது மதினி கொண்டு வந்த கஞ்சியைத் தூக்குச்சட்டியோடு திருப்பி அனுப்பினாய். அந்தக் கஞ்சியை வாங்கி உள்ளே வைக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் எங்கூடப் பேசாமலே போயிட்டாளே. எம்மேல என்ன கோவம்னு உங்கிட்டச் சொல்லாம இருந்திருக்க மாட்டா. சொல்லுத்தா."

"தெரியல மதினி" என்றேன்.

மதினி அந்த ஊக்கைப் பார்க்கவே இல்லை. பார்த்தது நான்தான். மடிக்கும்போது என் விரல் அதன் மேல் பட்டது. மதுரையில் நீ சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. அப்படியே மடித்துக் கொடுத்தேன்.

இதை உனக்கு எழுதுவதில் என்ன இருக்கிறது? நீ இனிமேல் என்னைக் கேட்கப் போவதில்லை. மதினி இருக்கிற மம்சாபுரத்துக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. நான் இன்னும் போகவில்லை.