டிக்கியில் அடங்காத நாற்காலி

பிப்ரவரி 6

இன்று ஷோரூமில் மானம் கப்பலேறியது. ஆட்டோமேட்டிக் வண்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்க, ஒரு மிதி குறையுதே, டெலிவரிக்கு முன்னாடி மாட்டிடுவீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். விற்பனைக்காரர் இருமுவது போலச் சிரித்தார். என் மனைவி மறைக்கவெல்லாம் இல்லை, வாய்விட்டே சிரித்தாள். பக்கவாதம் வந்தபின் அவள் அப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். போன மானம் போகட்டும்.

டிரைவிங் ஸ்கூல் டீச்சர் அவள். பாதி ஊரை ஸ்டியரிங் பிடிக்க வைத்தவள். என்னை மட்டும் இரண்டாம் பாடத்தில் இறக்கிவிட்டவள். இப்போது அவள் இடது கால் சொல்பேச்சு கேட்பதில்லை. கிளட்ச் இல்லாத வண்டி என்றால் வலது கால் போதுமாம்; ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 9

சாப்பாட்டு மேசையில் கரண்டியை கியராக வைத்து எனக்குப் பாடம்.

"'பி' நிறுத்தி வைக்க. 'ஆர்' பின்னால போக. 'என்' எதுலயும் சேராது, சொத்துத் தகராறுல உங்க அண்ணன் மாதிரி. 'டி' போட்டா போதும், ஒண்ணு ரெண்டு மூணெல்லாம் உள்ள அதுவே மாத்திக்கும்."

"'எல்'?"

"மேடு பள்ளத்துக்கு. வேகத்துக்கு இல்ல, பலத்துக்கு."

உப்பை எடுக்கப் போய் கரண்டியை ரிவர்ஸில் தள்ளிவிட்டேன். மறுபடியும் ஃபெயில்.

பிப்ரவரி 13

சண்டை. அவளுக்குப் பிடித்தது சின்ன ஹேட்ச்பேக். அதன் டிக்கியில் ஒரு தலையணை வைத்தால் நிறைந்துவிடும். அவளுக்காக வாடகைக்கு எடுத்திருந்த சக்கர நாற்காலியை மடக்கித் தள்ளிப் பார்த்தேன். ஒரு சக்கரம் வெளியே நின்றது. அடுத்தது செடான், அதற்கும் மேலே எஸ்.யூ.வி. விற்பனைக்காரர் ஏற்றிக்கொண்டே போனார், நானும் ஏறிக்கொண்டே போனேன்.

"இதோட மூக்கே எனக்குத் தெரியலைங்க. சந்துல எப்படித் திருப்புவேன்?"

"நாற்காலி எங்க போகும்?"

"வண்டி எனக்கா, நாற்காலிக்கா?"

பெரியதற்கே முன்பணம் கட்டினேன். நல்லது செய்கிறோம் என்ற திமிர் இருக்கிறதே—

மார்ச் 2

வண்டி வந்தது. காலி மைதானத்தில் 'டி' போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். வண்டி தானாக நகர்ந்தது. கொஞ்ச தூரம்தான். நிறுத்தி, 'பி' போட்டாள்.

"கப்பல் மாதிரி இருக்கு. அப்புறம் பழகிக்கறேன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். மகள்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தாள். நாற்காலி டிக்கியில் ராஜா மாதிரி வந்தது.

மார்ச் 19

வண்டி எடுக்கலாமா என்று இன்றும் கேட்டேன். "நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். ஜன்னல் வழியாக, தெருவில் போகும் சின்ன வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவனிக்காதவன் போல பேப்பர் படித்தேன். எதைப் படித்தேன்?

ஏப்ரல் 8

பக்கவாதம் இரண்டாவது தடவை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு மகள் ஓட்டினாள். பின் சீட்டில் என் மடியில் அவள் தலை. கால் நீட்டிப் படுக்க இடம் தாராளம். பெரிய வண்டி பாரு. பெரிய வண்டி.

ஏப்ரல் 9

போய்ட்டா.

ஜூன் 3

நானும் மகளும் வாடகை நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "இன்னொருத்தர் கேட்டிருக்காங்க, இப்பவே கொண்டு போகணும்" என்று கடைக்காரர் வெளியே உருட்டி வந்தார். பேச்சுவாக்கில் சக்கரத்தின் நடுவே இருந்த ஒரு பொத்தானை அழுத்தினார். சக்கரம் கையோடு வந்தது. மற்றதும் வந்தது. எல்லாவற்றையும் மடித்துத் தன் வண்டி டிக்கியில் போட்டு மூடினார்.

அவருடையது அதே சின்ன ஹேட்ச்பேக்.