வேதியியலை முதலில் வைத்தோம், தம்பி

கூடப் பிறக்காத என் உயிர்த் தம்பி மரியதாஸுக்கு,

இதைப் பார்த்ததும் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இது என் கையெழுத்துதான். நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதியது இல்லை. எழுபத்திரண்டு வயதில், கட்கி தேவாலயத்துக்குப் பின்னால் நடக்கும் எழுத்து வகுப்பில் சேர்ந்து, ஒன்பது மாதத்தில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் காலை டீ ஆறிவிட்டது. ஆறட்டும்.

இந்தப் புனேயில் நாம் இருவரும் எத்தனை கட்டடத்துக்கு, கான்கிரீட் தாங்க சென்ட்ரிங் பலகை அடித்திருப்போம்? வரைபடத்தை நீ படிப்பாய், நான் முட்டுக் கம்பு நிறுத்துவேன். பேருந்துப் பலகையைக்கூட நீதான் எனக்குப் படித்துச் சொல்வாய். ஒருநாள் பாணேர் போகும் வண்டி என்று சொல்லி என்னை வேறு எதிலோ ஏற்றிவிட்டு, கீழே நின்று கையாட்டினாயே, பாவி! மராத்திப் பலகை இன்னும் எனக்கு வராது. அடுத்தது அதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் ஸ்டெல்லா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். உயிரியலை முதன்மைப் பாடமாக எடுத்து நான்கு வருடம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எந்த அரையாண்டில் எந்தப் பாடம் என்று எட்டு அரையாண்டுக்கும் திட்டம் எழுதி, பெற்றோர் கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். திட்டம் சரியில்லை என்றால் உயிரியல் கிடையாது, வேறு பாடத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உன் மைத்துனன் ஆரோக்கியம் ஔந்திலிருந்து வந்திருந்தான்.

"பயாலஜி படிச்சு தவளையா அறுக்கப் போற? கம்ப்யூட்டர் எடு. ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனிக்குப் போக காலையில கேப் வாசல்ல வந்து நிக்கும்."

"எனக்கு கேப் வேணாம் மாமா. தவளை போதும்" என்றாள் உன் மகள்.

நான் சிரித்துவிட்டேன். அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க என்ன அண்ணாச்சி சிரிக்கீங்க? இதுல உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

அவன் போன பிறகு, எழுத்துப் பழக்கத்துக்காக, ஸ்டெல்லா போட்டு வைத்திருந்த திட்டத்தை எனக்கு வாசிக்கச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எனக்கு நேரம் பிடித்தது.

"அரே பெரியப்பா, இவ்ளோ ஸ்லோவா எழுதுனா நான் டிகிரியே முடிச்சிருவேன்."

தளத்துக்குக் கலவை ஊற்றும் முன்னால் ஒவ்வொரு முட்டுக் கம்பையும் சுத்தியல் காம்பால் தட்டிக் கேட்பாயே, நினைவிருக்கிறதா? பாரம் ஏந்தி இறுகி நிற்கும் கம்புக்கு ஒரு சத்தம், பேருக்கு நிற்கும் கம்புக்கு வேறு சத்தம். மேஸ்திரி கத்தினாலும் தட்டி முடிக்காமல் ஊற்ற விடமாட்டாய். பழக்கதோஷம், என் பென்சிலும் அந்தப் பெயர்களைத் தட்ட ஆரம்பித்தது.

"இது எது மேல நிக்குது?" என்று கேட்டேன்.

"எது? பயோகெமிஸ்ட்ரியா? அதுக்கு முன்னாடி ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முடிக்கணும்."

"அது எது மேல நிக்குது?"

"ஜெனரல் கெமிஸ்ட்ரி மேல."

"அது எங்க இருக்கு தாயி?"

அவள் விரல் தாளில் கீழே கீழே இறங்கியது. மூன்றாம் வருடத்தில் இருந்தது. அதன் மேல் நிற்க வேண்டிய பாடங்களோ இரண்டாம் வருடத்தில் இருந்தன. கீழ்த்தூணை மேல்மாடியில் வைத்திருந்தாள்.

தெரியாமல் செய்த தப்பில்லை அது. உன்னை அடக்கம் செய்த மறுநாள் காலையில் அவள் எழுதிய பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை வேதியியல். தட்டுத்தடுமாறித்தான் தேறினாள்.

"கெமிஸ்ட்ரின்னா அந்தப் பரீட்சை ஹால்தான் ஞாபகம் வருது பெரியப்பா. கேள்வித்தாள்ல ஒண்ணுமே தெரியல. அப்பா பெட்டிதான் தெரிஞ்சுச்சு. எவ்ளோ தள்ள முடியுமோ அவ்ளோ தள்ளி வச்சேன்."

தம்பி, இது உனக்குத் தெரியுமா? நீ செத்ததற்கு அழுதிருக்கிறேன், ஆனால் அன்றைக்குத்தான் உன் சாவின் மேல் எனக்குக் கோபம் வந்தது. உன்னைக் கொண்டுபோனது போதாதா? உன் மகளின் பாடத்தின் மேலும் ஏறி உட்கார வேண்டுமா? உட்கார விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் வாய் திறக்கும் முன் அவளே ரப்பரை எடுத்தாள். சுலபம் என்று முதல் அரையாண்டில் போட்டிருந்த ஒரு பாடத்தை அழித்தாள். அங்கே வேதியியலை எழுதினாள். எழுத்து என்னுடையதைவிட நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை ஆரோக்கியம் மறுபடியும் வந்து தாளைப் பார்த்தான். "தடுமாறுன பாடத்தையா மொதல்ல வைக்க? விழுந்துட்டா?"

"விழுந்தா முதல் வருஷத்துலயே விழுவேன் மாமா. எந்திரிக்க டைம் இருக்கு."

அதுவரை தன் அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த உன் மனைவி பிலோமினா, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "இவ அப்பா தட்டிப் பாக்காம எதையும் ஊத்த விட்டதில்லண்ணே. இவளும் தட்டிப் பாத்துட்டா. பேனாவைக் கொடுங்க" என்றாள். ஆரோக்கியத்தின் சட்டைப்பையிலிருந்த பேனாவாலேயே கையெழுத்துப் போட்டாள்!

வெள்ளிக்கிழமை கல்லூரி அலுவலகத்தில் ஓர் அம்மா தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, யாரிடம் கேட்டுப் போட்ட திட்டம் என்று மராத்தியில் விசாரித்தாராம். "நான்தான் போட்டேன். சென்ட்ரிங் வேலை பார்த்த என் பெரியப்பா தட்டிப் பார்த்தார்" என்றாளாம் உன் மகள். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, முத்திரை குத்திவிட்டார்.

இந்த வாரம் வேதியியல் ஆய்வகத்திலிருந்து துப்பட்டாவில் ஒரு சின்ன ஓட்டையோடு வந்தாள். அமிலம் பட்டதாம். பதக்கம் வாங்கியவள்போல விரித்துக் காட்டினாள். பிலோமினா திட்டினாள். அந்த ஓட்டை வழியாக நான் சன்னல் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

எட்டு அரையாண்டும் முடியும்வரை நான் இருப்பேனா என்று ஆரோக்கியம் கேட்கிறான். இருப்பேன். நோட்டில் எட்டுப் பக்கம் ஒதுக்கித் தலைப்பும் எழுதிவிட்டேன். ஒவ்வொரு அரையாண்டுக்கு முன்னாலும் அவள் வாசிப்பாள், நான் எழுதுவேன். ஒன்றைக்கூடத் தட்டிப் பார்க்காமல் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு, என் கையாலேயே எழுதிக் கொடுக்கும் முதல் வாக்கு.

உன் மகளுக்குப் பெரியப்பன்,
உனக்கு என்றைக்கும் அண்ணன்,
சுடலைமுத்து